தூதருக்கும் துணை வேண்டும்

தன் உயிருக்கே கேடு வந்தாலும் அரசனுக்கு நன்மை தேடித் தருபவனே தூதன் என்கிறார் வள்ளுவர். அத்தூதனுக்கு அரசன் என்ன செய்யக் கடமைப்பட்டவன்? 'தூது' அதிகாரம் அதைப் பேசவில்லை.

நம் காலத்தில் அதைப் பேசுவது தொழிற்சங்கம். அமெரிக்க வெளியுறவுப் பணியாளர் சங்கம் 1924இல் தோன்றி, 1973இல் தொழிற்சங்கமாகவும் ஆயிற்று. பணியில் மாண்டோருக்கு வெளியுறவுத்துறைத் தலைமையகத்தில் 1933இல் நினைவுப்பலகை வைத்ததும் அச்சங்கமே. அதன் முதற்பெயர் 1780இல் கடலில் மறைந்த வில்லியம் பால்ஃப்ரி.

2025 மார்ச்சில் தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி, அத்துறையில் கூட்டுப்பேர உரிமையை அதிபரின் ஆணை பறித்தது. சங்கம் நீதிமன்றம் சென்றது. ஜூலையில் 1,300க்கும் மேற்பட்டோருக்கு வேலைநீக்க அறிவிப்பு வந்தது. அவர்களுள் 246 பேர் அயல்நாட்டுப் பணிக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்ட அதிகாரிகள்.

துறையைச் சீரமைக்கும் அதிகாரம் அரசுக்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இவ்வூழியர்கள் வேலைநிறுத்தம் செய்யச் சட்டம் இடந்தருவதில்லை. அரசின் கொள்கையை அயலார் முன் எடுத்துரைப்பதே தொழிலாகக் கொண்டவர்கள், தம் குறையைத் தெருவில் நின்று முழங்கவும் இயலாது. அவர்களுக்கென்று எஞ்சியிருப்பது சங்கத்தின் குரல் ஒன்றே. அதையும் அடைத்துவிட்டு, உயிரையும் பணயம் வை என்று கேட்கும் தகுதி எந்த அரசுக்கு உண்டு?