பொம்மை பிள்ளையின் கைக்கு வரட்டும்

எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து வாசிக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2022-ல் தொடங்கப்பட்டது எண்ணும் எழுத்தும் திட்டம். அதன் வகுப்புகளால் விரல் பொம்மையும் முகமூடியும் இன்று நம் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதியவை அல்ல. ஆனால் பல வகுப்புகளில் பொம்மை ஆசிரியரின் விரலைவிட்டு இறங்குவதே இல்லை. அவர் பேசுகிறார், பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், மணி அடித்துவிடுகிறது.

தென்மாவட்டத் தோல்பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னால் ஒருவரே இராமனுக்கும் இராவணனுக்கும் குரல் கொடுப்பார். உச்சிக்குடும்பனையும் உளுவத்தலையனையும் ஊர்ப்பேச்சில் பேசவைத்துச் சிரிக்க வைப்பார். கூத்துக்கு அது சரி. வகுப்பில் அந்த இடம் பிள்ளைக்கு உரியது.

ஆய்வாளர்கள் பெல்லக்ரினியும் கால்டாவும் 1982-ல் வெளியிட்ட ஆய்வில், கேட்ட கதையை நடித்துப் பார்த்த சிறுவகுப்புப் பிள்ளைகள், அதைப் பற்றிப் பேசியவர்களையும் படம் வரைந்தவர்களையும்விட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். பாவனை விளையாட்டின் பயன்களுக்கு உறுதியான சான்று போதாது என்று லில்லார்ட் குழுவினர் 2013-ல் எச்சரித்ததையும் நாம் மதிக்க வேண்டும். பொம்மை எழுத்தைக் கற்றுத் தராது. அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். பொம்மை தருவது கதையறிவும் பேச்சும்.

வடை திருடிய காக்கா கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். காக்கா பொம்மையை மாட்டிய பிள்ளை வாயை இறுக மூடிக்கொண்டு நிற்க வேண்டும். நரி, “எக்கா, ஒரு பாட்டு படிக்கா” என்று கெஞ்சுகிறது. ஏன் வாய் திறக்கக் கூடாது என்பது காக்காவுக்கும், ஏன் திறக்கவைக்க வேண்டும் என்பது நரிக்கும் தெரிந்திருந்தால்தான் ஆட்டம் நடக்கும். கதையின் காரண காரியம் அங்கே பிடிபடுகிறது. உடனே அந்த வசனத்தைச் சொன்னபடியே கரும்பலகையில் எழுதுங்கள். தான் பேசியதை விரல் வைத்துப் படிக்க எந்தப் பிள்ளையும் தயங்காது. எழுத்துத்தமிழுக்கு மாற்றுவதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

பொம்மை இல்லாத பள்ளியிலும் பஸ் விளையாட்டு உண்டு. கரிவலம்வந்தநல்லூர்ப் பிள்ளைகள் தினம் பார்ப்பவை சங்கரன்கோவில், ராஜபாளையம் பஸ்கள். நான்கு நாற்காலி, அட்டையில் எழுதிய ஊர்ப்பலகை, ஊர்ப்பெயர் எழுதிய துண்டுச்சீட்டு போதும். சீட்டைப் படித்துப் பார்த்துக் கொடுப்பது கண்டக்டரின் வேலை. தவறான சீட்டு வந்தால் பயணியே சண்டைக்கு வருவார்; ஆசிரியர் திருத்த வேண்டியதில்லை.

ஆசிரியத் தோழர்களே, அதிகாரிகள் பார்வையிட வரும் நாளுக்கென்று பொம்மைகளை அலமாரியில் பூட்டிவைக்காதீர்கள். கிழியட்டும், மீண்டும் செய்துகொள்வோம். உங்கள் பிள்ளைகள் பொம்மைக்குக் கொடுத்த வசனங்களை அவர்கள் பேச்சிலேயே எழுதி எங்களுக்கு அனுப்புங்கள்.