அவிழ்க்கத் துணிவோம்!



வியர்வை வழியும் திருவனந்தபுரத்தில் ஒருவன் கம்பளிக் காலுறை பின்னினால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? விடுதி நண்பர்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். "காலுறை பின்னும் பொறியை வில்லியம் லீ 1589-இலேயே கண்டுபிடித்துவிட்டார்; நீ இன்னும் கையால் பின்னுகிறாயே! இது பெண்கள் செய்யும் வீண்வேலை அல்லவா?" என்றார் ஒருவர்.

வீண்வேலையா? நம்மில் பலருக்குச் சொந்த ஊரான நாகர்கோவிலைக் கேளுங்கள். அங்கே 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மால்ட் பாதிரியாரின் துணைவியார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருவாயைக்கொண்டு அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையையே விலைகொடுத்து வாங்கினர். திருவிதாங்கூரில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்ததோ 1855-இல்தான்! ஊசியும் நூலும் விலங்கை அறுத்த கதை அது.

என் கதை அவ்வளவு உயர்ந்ததன்று. அண்ணன் படையில் சேர்ந்து லடாக்கில் இருக்கிறார். அவருக்காகத்தான் அத்தையிடம் பின்னல் கற்றேன். மொத்தம் 64 கண்ணிகள்; நான்கு ஊசிகளில் பதினாறு பதினாறாக நிற்கும்; ஐந்தாம் ஊசியால் சுற்றிச் சுற்றிப் பின்ன வேண்டும். இடவப்பாதி மழையின் ஈரக்காற்றில் கை வியர்த்தது; கம்பளி ஊசியோடு ஒட்டிக்கொண்டது. கணுக்கால்வரை ஒழுங்காக வந்த பின்னல், குதிகாலில் திரும்பும்போது காலை வாரியது. பாதிக் கண்ணிகளை ஒதுக்கிவைத்து, மீதியைக் கிண்ணம்போல் குழிவாக்க வேண்டும். எண்ணிக்கை தவறியது, ஒரு கண்ணி நழுவி, ஏணிபோல் கீழே ஓடியது. நான் என்ன செய்தேன்? உட்புறம் ஒரு முடிச்சுப் போட்டு மறைத்தேன். வெளியே ஒன்றும் தெரியவில்லை!

விடுமுறையில் அத்தையிடம் பெருமையோடு நீட்டினேன். அவர் கண்ணால் பார்க்கவில்லை. விரலை உள்ளே விட்டுத் தடவினார். "அவுத்துப் போடு மக்களே! உன் கண்ணுக்குத் தெரியாதது அவன் காலுக்குத் தெரியும்" என்றார்.

காலுறையின் விரல்முனையைத் தடிப்பின்றி மூடும் முறையொன்று கிச்சனர் பிரபுவின் பெயரால் வழங்குகிறது. நாள்முழுதும் நடக்கும் வீரனுக்குச் சிறு தடிப்பும் கொப்புளமாகுமே! நானோ முடிச்சையே வைத்திருந்தேன்.

அவிழ்த்தேன். இரண்டு வார உழைப்பு பத்து நிமிடத்தில் வெறும் நூலாயிற்று. மீண்டும் பின்னினேன். இரண்டாம் காலுறையோ முதலாவதைவிட ஒரு விரற்கடை பெரிதாயிற்று! கண்ணிகள் அதே 64தான். அச்சத்தால் இறுகியிருந்த கை, பழகியதும் தளர்ந்துவிட்டது. பழக்கமும் பிழைக்குத் தாய் என்பதை அன்று அறிந்தேன். முதலாவதை மறுபடியும் அவிழ்த்துப் பின்னிய பிறகே சோடி சேர்ந்தது.

நண்பர்களே, ஆய்வுக்கூடத்தில் விடைக்கு ஏற்ப அளவீட்டைத் திருத்தி எழுதுகிறோமே, அதுவும் உட்புற முடிச்சுத்தானே? மதிப்பெண் நமக்கு, கொப்புளம் யாருக்கு? நாளை நாம் கட்டும் பாலத்தில் நடப்பவருக்கு; நாம் மருந்து தரும் நோயாளிக்கு; நம்மிடம் பாடம் கேட்கும் பிள்ளைக்கு!

பிழை செய்வது இழுக்கன்று; அதைப் பிறர் காலுக்கு அனுப்புவதே இழுக்கு. அவிழ்ப்பதால் நூல் வீணாவதில்லை. அன்று அவிழ்த்த அதே நூல்தான் இன்று என் அண்ணனின் காலைக் காக்கிறது.

அவிழ்க்கத் துணிவோம்!