மூக்குக்கும் பாடம் வேண்டும்!

"மூக்கு எங்கே?" என்றால் உங்கள் வீட்டு வாண்டு டக்கென்று தொட்டுக் காட்டிவிடும். நாமும் பூரித்துப் போகிறோம். அது போதுமா? "அம்மா, பால் தீயுது" என்று சொல்லத் தெரிய வேண்டாமா?

ஐம்புலன்களை வண்ணப் படத்திலும் செல்போனிலும் காட்டிச் சொல்லித் தருகிறோம். அதில் கண்ணுக்கும் காதுக்கும்தான் வேலை. மூக்கும் நாக்கும் தோலும் சும்மா கிடக்கின்றன. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்ற எண்வகைத் தேர்வை சித்த வைத்தியர் தன் புலன்களால்தான் செய்கிறார். பழகப் பழகத்தான் புலன் கூர்மையாகும்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு வீட்டிலேயே ஒரு விளையாட்டு வைக்கலாம். சின்ன டப்பாக்களில் காபித்தூள், ஓமம், ஏலக்காய், கசக்கிய கறிவேப்பிலை போட்டு மெல்லிய துணியால் வாயைக் கட்டுங்கள். கண்ணை மூடி முகர்ந்து, என்னவென்று சொல்லணும். ஒரு துணிப்பையில் கரண்டி, பஞ்சு, தேங்காய் நார் போட்டுக் கைவிட்டுக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். முதுகுக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். நாக்கில் துளி வெல்லம், உப்பு, புளி வையுங்கள். கடைசியில் கண்ணைத் திறந்து எல்லாவற்றையும் பார்க்கட்டும். பத்து நிமிஷம் போதும். சத்தத்துக்குத் திரும்பாத பிள்ளையை, திரும்பத் திரும்ப அப்படியிருந்தால், காது டாக்டரிடம் காட்டுங்கள்.

ஜாக்கிரதை! கடலை, பட்டாணி வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்ளும். மிளகாய்ப்பொடி, பினாயில், மண்ணெண்ணெய் கூடவே கூடாது. தெரியாத பாட்டிலை முகரக் கூடாது என்பதையும் அப்போதே சொல்லுங்கள்.

எங்கள் எர்ணாவூர்ப் பக்கம் இது வெறும் விளையாட்டு இல்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. நெடி தாங்காமல்தான் ஜனங்கள் எழுந்து ஓடினார்கள். சமையல் கேஸுக்குக்கூட இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள்.

"பிள்ளை மூக்கைப் பழக்குவதை விட்டு, ஃபேக்டரிக்காரனைக் கேளுங்க டாக்டர்" என்பீர்கள். நியாயம்தான், கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒரே வாடையில் கொஞ்ச நேரம் இருந்தால் மூக்கு அதை உணராமல் விட்டுவிடும். அதனால்தான் வெளியூர் விருந்தாளி மூக்கைப் பொத்தும்போது, "வாடையா? ஒண்ணும் வரலையே!" என்கிறோம் நாம்.

எல்லாவற்றையும் "நாத்தம்" என்ற ஒரே சொல்லில் அடக்காமல் மீன் வீச்சம், ஊசிய வாடை, மிளகாய் நெடி, தீய்ந்த வாசனை என்று பிரித்துச் சொல்லப் பழக்குங்கள். பிறகு ஒருநாள் பிள்ளை, "என்னமோ புதுசா வாடை வருதும்மா" என்று வந்து நிற்கும். "சும்மா இருடா" என்று அதட்டாதீர்கள். அடுப்பை விட்டுவிட்டு எழுந்து போய்ப் பாருங்கள். இந்த விளையாட்டில் பெரியவர்களுக்கு இருக்கிற பாடம் அதுதான்!