சீட்டுக்கட்டுக்கு நினைவு உண்டு

போக்கர் என்றாலே பெரிய சீட்டு வந்தவர் ஜெயிப்பார் என்றுதான் நினைப்போம். ராஸ் என்ற ஆட்டத்தில் அது தலைகீழ். ஏழு சீட்டு ஸ்டட் போக்கரின் ஒரு வகையான இதில், ஆகச் சிறிய ஐந்து சீட்டுகளை வைத்திருப்பவருக்கே பணம் போகும். ஏஸ் ஒன்றாகக் கணக்கிடப்படும். ஒரே எண் இரண்டு முறை வந்தால் ஜோடி, கை கெட்டுவிடும். ஏஸ், 2, 3, 4, 5 சேர்ந்துவிட்டால் அதை எந்தக் கையும் வெல்ல முடியாது. லாஸ் வேகசில் நடக்கும் போக்கர் உலகத் தொடரில் இதற்கென்று தனிப் போட்டியே உண்டு.

தொடக்கத்தில் ஆளுக்கு மூன்று சீட்டு. இரண்டு கவிழ்த்தபடி, ஒன்று எல்லாரும் பார்க்கும்படி. ஆடுவதா விலகுவதா என்பதை அப்போதே முடிவு செய்ய வேண்டும். புதியவர்களுக்குச் சொல்லித்தரப்படும் விதி எளிது: மூன்றும் 8 அல்லது அதற்குக் கீழ், மூன்றும் வெவ்வேறு எண் என்றால் ஆடுங்கள். 52 சீட்டுகளில் மூன்றை எடுக்க 22,100 வழிகள் உள்ளன. இந்த விதிக்குள் அடங்குபவை 3,584. அதாவது 100க்கு 16. ஏறக்குறைய ஆறு கைகளில் ஐந்தைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். மேசைக்கு வந்தவருக்கு அதைவிடக் கடினமான வேலை வேறில்லை.

விதி தவறில்லை. ஆனால் அது உங்கள் கையை மட்டுமே பார்க்கிறது. மேசையைப் பார்ப்பதில்லை.

உங்களிடம் 2, 4, 6 இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து ஏஸ், 3, 5, 7, 8 இவற்றில் ஒன்று வந்தால் நல்லது. அப்படிப்பட்ட சீட்டுகள் 20. மேசையைப் பார்க்காவிட்டால், மீதமுள்ள 49இல் 20. வாய்ப்பு 41 விழுக்காடு. இப்போது நிமிர்ந்து மற்ற ஏழு பேரின் திறந்த சீட்டுகளைப் பாருங்கள். அவை 2, 2, 4, 6, ஜாக், ராணி, ராஜா. உங்களுக்கு ஜோடி சேர்த்துக் கெடுக்கக்கூடிய சீட்டுகளில் நான்கு வெளியே போய்விட்டன. வேண்டிய 20இல் ஒன்றுகூடக் குறையவில்லை. 42இல் 20 என்பது 48 விழுக்காடு. அதற்குப் பதிலாக ஏஸ், ஏஸ், 3, 3, 5, 7, 8 திறந்திருந்தால்? 42இல் 13தான் மிச்சம், 31 விழுக்காடு. கையில் இருப்பதோ அதே 2, 4, 6. புதியவரின் விதி இரண்டு மேசைக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

(எதிராளியும் இதையே செய்கிறார் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் திறந்த சீட்டு 3, அடுத்துப் பேச வேண்டியவர்களிடம் தெரிவது ராஜாவும் ராணியும் என்றால், கவிழ்ந்த இரண்டும் மோசமாக இருந்தாலும் அனுபவசாலிகள் பந்தயத்தை உயர்த்துவார்கள். மற்றவர்கள் கண்ணில் படுவது அந்த 3 மட்டும்தானே.)

இதை அறிவியல் பக்கத்தில் எழுதக் காரணம் உண்டு. பகடைக்கு நினைவு கிடையாது. தொடர்ந்து பத்து முறை 6 விழுந்தாலும் அடுத்த வீச்சில் 6 விழும் வாய்ப்பு ஆறில் ஒன்றுதான். சீட்டுக்கட்டு அப்படியில்லை. வெளியே போன சீட்டு திரும்ப வராது. நடந்தது நடக்கப்போவதை மாற்றும். இந்த இரண்டையும் நாம் குழப்பிக்கொள்கிறோம். அந்தக் குழப்பத்திற்கு நம் ஊரில் விலையும் கொடுக்கிறோம்.

4டி வரிசையில் நிற்பவர்களைக் கேளுங்கள். “இந்த நம்பர் ரொம்ப நாளாக வரவில்லை, இந்த வாரம் வந்துவிடும்” என்பார்கள். பழைய முடிவுகளை நோட்டில் எழுதி வைப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் 4டியைச் சீட்டுக்கட்டாக நினைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அது பகடை. 10,000 எண்களும் ஒவ்வொரு குலுக்கலிலும் புதிதாக, சமமாகத் தொடங்குகின்றன. சிங்கப்பூர் 4டியில் ‘பிக்’ முறையில் 1 வெள்ளி கட்டினால் 23 பரிசுகளுக்கும் சேர்த்து மொத்தம் 6,590 வெள்ளி. அதை 10,000ஆல் வகுத்தால் சராசரியாகத் திரும்புவது 66 காசு. நோட்டு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் இந்த 66 மாறாது.

அதற்காக ராஸ் ஆடப் போங்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கும் மேசை நடத்துபவர் தம் பங்கை எடுத்துக்கொள்வார். கணக்கு தெரிந்தவரும் அதைத் தாண்டித்தான் லாபம் பார்க்க வேண்டும். நான் கேட்பது பள்ளிக்கூடத்திடம். நிகழ்தகவு என்றதும் நாணயத்தையும் பகடையையும் மட்டும் கையில் கொடுக்காதீர்கள். ஒரு சீட்டுக்கட்டும் கொடுங்கள். ஏழு சீட்டுகளைத் திறந்து வைத்து, மிச்சத்தை எண்ணச் சொல்லுங்கள். பிறகு அதே மாணவரிடம் போன மாதத்து 4டி முடிவுகளைக் கொடுத்து, அடுத்த குலுக்கலுக்கு இதில் எதை எண்ணலாம் என்று கேளுங்கள். பணம் எதுவும் வேண்டாம். ஒரு பாட நேரம் போதும்.