லயத்துக் கொல்லையில் சிறுத்தை

கொங்கு நாட்டிலும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமும் ஏரிக்கரையிலோ மரத்தடியிலோ பழைய கல் ஒன்று நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பின்னங்காலில் எழும்பிப் பாயும் புலி. அதன்மேல் ஈட்டியைப் பாய்ச்சும் ஓர் ஆள். புலிக்குத்திக் கல் என்பார்கள். பட்டியைக் காக்கப் போய் உயிர்விட்டவனுக்கு ஊர் எடுத்த கல் அது. பல கற்களில் புலி ஏறக்குறைய ஆளின் உயரத்துக்கே இருக்கும். அதன் பலத்தைச் சிற்பி குறைத்துக் காட்டவில்லை. பக்கத்தில் புலி இருக்கிறது, ஒருநாள் அது வரும் என்று தெரிந்து வாழ்ந்த ஊர்களின் கல் அது.

மகாராஷ்டிரத்து வார்லிப் பழங்குடி மக்களுக்குப் புலியும் சிறுத்தையும் சேர்ந்து ஒரே தெய்வம்: வாகோபா. மரத்தடியில் செந்தூரம் பூசிய உருவத்துக்குத் தீபாவளியை ஒட்டிப் பூசை போட்டு, எங்களையும் எங்கள் ஆடுமாட்டையும் விட்டுவிடு என்று வேண்டிக்கொள்வார்கள். கும்பிட்டதால் சிறுத்தை ஆட்டைத் தூக்காமல் இருந்துவிடுமா என்ன? ஆனாலும் அந்தக் காட்டில் அதற்கும் இடம் உண்டு என்பது பிள்ளைப் பருவத்திலேயே மனத்தில் பதிந்துவிடும்.

வெள்ளையர் ஆட்சி இந்த உறவை, கொன்ற தலைக்கு இவ்வளவு ரூபாய் பரிசு என்று மாற்றியது. 1875 முதல் 1925 வரையிலான ஐம்பது ஆண்டுகளில் 80,000க்கு மேற்பட்ட புலிகளும் 1,50,000க்கு மேற்பட்ட சிறுத்தைகளும் கொல்லப்பட்டதாக வரலாற்றாசிரியர் மகேஷ் ரங்கராஜன் கணக்கிட்டிருக்கிறார். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, துப்பாக்கி ஓய்ந்தது. ஆனால் விலங்கை அப்புறப்படுத்திவிட்டால் ஆபத்தும் போய்விடும் என்ற எண்ணம் ஓயவில்லை. துப்பாக்கி இருந்த இடத்தில் கூண்டு வந்து உட்கார்ந்தது.

அதன் விலையைப் புனே மாவட்டத்து ஜுன்னர் கொடுத்தது. பாசனம் பெருகிக் கரும்பு பரவிய பூமி. ஆள் உயரத்துக்கு மேல் மாதக்கணக்கில் நிற்கும் கரும்புக்குள்ளேயே சிறுத்தை குட்டி போடும். ஊர் நாயும் ஆடும் பன்றியும் அதற்கு இரை. 2001 முதல் அங்கே சிறுத்தைகளைப் பிடித்துத் தொலைவுக் காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். மனிதர்மீதான தாக்குதல் குறைந்திருக்க வேண்டுமே? ஆண்டுக்குச் சராசரி 4ஆக இருந்தது 17ஆக ஏறியது. இதை ஆராய்ந்து சொன்னவர் சிறுத்தை ஆய்வாளர் வித்யா ஆத்ரேயா. காரணத்தை யோசித்தால் விளங்கும்: பிடிபட்டு மிரண்ட விலங்கு தெரியாத இடத்தில் இரைக்குத் தடுமாறுகிறது, வந்த வழியே திரும்பப் பார்க்கிறது, அது விட்டுப்போன இடத்துக்கு இன்னொன்று வந்துவிடுகிறது. 2009இல் கிணற்றில் விழுந்து மீட்கப்பட்ட ஒரு கிழட்டு ஆண் சிறுத்தைக்கு இருப்பிடம் காட்டும் கழுத்துப்பட்டை மாட்டி மால்ஷேஜ் கணவாயில் விட்டார்கள். ஆஜோபா, அதாவது தாத்தா என்று பெயர். நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து மும்பையின் ஓரத்துக்கே போய்ச் சேர்ந்தது. வழியில் ஒருவரையும் தொடவில்லை. 2011இல் நெடுஞ்சாலையில் வண்டி மோதி இறந்தது.

மும்பையும் இந்தப் பாடத்தை உயிர் கொடுத்துத்தான் கற்றது. 2004இல் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய பகுதிகளில் அடுத்தடுத்துப் பலர் இறந்தார்கள். பெரும்பாலும் ஏழைகள், இருட்டில் வெளிக்குப் போக வேண்டியிருந்தவர்கள், குடிசையோரத்தில் விளையாடிய பிள்ளைகள். கண்டபடி கூண்டு வைப்பதைக் குறைத்து, குப்பையையும் விளக்கையும் கழிப்பறையையும் பற்றி வனத்துறையும் ஊர்மக்களும் பேசத் தொடங்கிய பிறகே நிலைமை தணிந்தது. சிறுத்தைகள் இன்றும் அங்கேதான் இருக்கின்றன, ஏறத்தாழ ஐம்பது.

நம் வால்பாறைக்கு வருகிறேன். 1890களில் ஆனைமலைக் காட்டை வெட்டித்தான் அங்கே தோட்டம் போட்டார்கள். சுற்றிலும் இன்றும் புலிகள் காப்பகம். சாயங்காலம் ஒரு லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையின், பின்பக்கம் போய் நின்று பாருங்கள். சுவரிலிருந்து நாலு எட்டில் தேயிலைச் செடி, இடுப்பளவு. அதற்குள் சிறுத்தை பதுங்கினால் பெரியவர் கண்ணுக்கே தெரியாது. செடியோரம் குந்தியிருக்கும் குழந்தையோ சிறுத்தையின் பார்வைக்கு ஒரு சிறு இரைபோலத்தான் தெரியும். ஓரத்தில் கொட்டிய இறைச்சிக் கழிவு, அதைத் தேடி வரும் நாய், நாயைத் தேடி வரும் சிறுத்தை. கூப்பிட்டுவிடுவது நாம்தான்.

பழைய தோட்டக் குடும்பங்களுக்கு இது தெரியும். பொழுது சாய்ந்தால் பிள்ளையை உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். இப்போது கொழுந்து பறிப்பவர்களில் பலர் அசாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்கள். இந்த மண்ணின் எச்சரிக்கை அவர்கள் காதுக்கு வந்து சேரவில்லை. 2025 ஜூனில் அப்படி வந்த குடும்பம் ஒன்று தன் சின்னப் பெண்ணைச் சிறுத்தைக்குப் பறிகொடுத்தது. கூண்டு வை என்று ஊர் கத்தியதை நான் குறை சொல்லமாட்டேன். பிள்ளையை இழந்த வீட்டில் ஆராய்ச்சி பேச யாருக்கு வாய் வரும்? ஆளைத் தாக்கிய சிறுத்தையைப் பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கூண்டோடு கடமை முடிந்தது என்று எல்லோரும் கலைந்து போவதுதான் பெரிய அநியாயம்.

தோட்ட நிர்வாகங்களையும் அரசையும் கேட்கிறேன். லயத்தைச் சுற்றிச் சில வரிசைத் தேயிலையை எடுத்துவிடுங்கள். அந்த நஷ்டத்தை உங்களால் தாங்க முடியும். வாசலுக்கு விளக்கும் வீட்டுக்குள் கழிப்பறையும் கொடுங்கள். புதிதாக ஒரு குடும்பம் வந்து இறங்கும் அன்றே, பெட்டியைப் பிரிக்கும் முன், இங்கே சிறுத்தை உண்டு என்று அவர்கள் பேசும் மொழியில் சொல்லுங்கள்.