நித்திரையில் நடக்கிற பிள்ளையைப் பேயாக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வகுப்பில் ஐந்தாம் தரப் பிள்ளை ஒன்று மூன்று நாளாக வரவில்லை. எந்தப் பிள்ளை என்று கேட்காதீர்கள். ராத்திரி கதவைத் திறந்துகொண்டு லயத்து வாசலில் நின்றதாம். கண் திறந்திருந்ததாம், கூப்பிட்டால் பதில் இல்லையாம். விடியுமுன் லயம் முழுக்க 'முனி அடிச்சிருக்கு' என்று பேச்சு. கோடாங்கி வந்து நூலும் கட்டியாச்சு. பதுளை டவுனில் இருக்கும் நம்மவர்கள் சிரிக்க வேண்டாம். நம் வீட்டுப் பிள்ளை நடந்தால் முனிக்குப் பதில் ஜின் என்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

இதற்கு நம்மிடம் சொல் இல்லையா? நித்திரையில் நடத்தல். சிங்களத்திலும் அப்படித்தான் சொல்கிறார்கள். வைத்தியர்கள் சொல்லும் 'சொம்னாம்பியூலிசம்' கேட்கப் பயமாக இருக்கும். லத்தீனில் சொம்னுஸ் என்றால் நித்திரை, அம்புலாரே என்றால் நடப்பது. இந்தச் சொற்களில் எங்கே பேய் இருக்கிறது?

அந்த நல்ல சொல்லையும் நாங்கள் ஏச்சாக்கி வைத்திருக்கிறோம். வகுப்பில் மந்தமான பிள்ளையைப் பார்த்து, 'என்ன, நித்திரையில நடக்கிறியா?' மேடையில் தோட்ட மக்களைப் பார்த்தும் இதே பேச்சு. விடியக்காலை எழும்பிச் சமைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிற பெண்ணிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்!

ஆழ்ந்த நித்திரையில், பெரும்பாலும் படுத்த முதல் சில மணித்தியாலங்களில், உடம்பு எழும்பும், மூளை முழுதாக விழிக்காது. காலையில் பொதுவாக ஞாபகம் இராது. சிறுபிள்ளைகளிடம்தான் இது அதிகம், வளர வளரப் பெரும்பாலானோருக்கு நின்றுவிடும். பரம்பரையிலும் வரும். காய்ச்சலும் நித்திரைக் குறைவும் கூட்டிவிடும்.

நித்திரையைக் குறைத்தது யார்? புலமைப்பரிசில் என்று பத்து வயதுப் பிள்ளையை இரவு 11 மணிவரை வினாத்தாள் செய்ய வைக்கிற நாங்கள். முனியைத் தேடுகிறவர்கள் முதலில் எங்கள் வீட்டுவேலைக் கொப்பிகளைப் புரட்டட்டும்.

தூங்குகிறவர் விழிக்கும்வரை அவர்மீது குற்றம் எழுதப்படுவதில்லை என்று மத்ரஸாவில் படித்தவர்கள்தானே நாம்? ஊர் மட்டும் ஏன் எழுதுகிறது?

நடக்கிற பிள்ளையை அடிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். தோளில் கைவைத்து மெதுவாகப் படுக்கைக்குக் கொண்டுபோங்கள். லயத்து வாசலைத் தாண்டினால் கானும் பள்ளமும். அதனால் தாழ்ப்பாளை எட்டாத உயரத்தில் போடுங்கள், கவ்வாத்துக் கத்தியை எடுத்து வையுங்கள். அடிக்கடி நடந்தாலோ, காயம்பட்டாலோ, வலிப்புப் போலத் தெரிந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

திங்கட்கிழமை பிள்ளை வருகிறது. பக்கத்தில் இருக்க மாட்டோம் என்று இரண்டு பிள்ளைகள் சொல்லிவிட்டன. நாளைக்கு அந்த இரண்டு வீட்டுக்கும் போகிறோம்.