பின்னால் எரிகிற விளக்கு



போன இதழில் மிக்ஸி ஜாரைப் பற்றி எழுதினேன். இந்தத் தடவை கார் விளக்குகள். "அது ஆம்பிளைங்க சமாச்சாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். எனக்கும் கார் ஓட்டத் தெரியாது. ஆனாலும் எங்கள் வீட்டில் கார் விளக்குகளைப் பார்ப்பது இப்போது என் வேலைதான். அது எப்படி என் தலையில் விழுந்தது என்று சொல்கிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், கும்பகோணத்தில் ஒரு கல்யாணம் முடிந்து ராத்திரி திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இவர் ஓட்டினார். பின் சீட்டில் நாத்தனார் மகள், மூன்று மாசக் கைக்குழந்தையோடு. தஞ்சாவூர் தாண்டியதும் நல்ல மழை. மாடு ஒன்று குறுக்கே வர, இவர் பிரேக்கை அழுத்தினார். பின்னால் வந்த லாரி கிறீச்சென்று கத்திக்கொண்டு, எங்கள் காருக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. லாரி டிரைவர் இறங்கி வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "சார், நீங்க பிரேக் போட்டது எனக்கு எப்படித் தெரியும்? பின்னாடி பிரேக் லைட் ஒண்ணுகூட எரியலை. பச்சைக் குழந்தையை வேற வெச்சிருக்கீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்புறம் திருச்சி வரும்வரை யாரும் வாயைத் திறக்கவில்லை.

யோசித்துப் பாருங்கள். ஓட்டுகிறவருக்குப் பிரேக் விளக்கு தெரியவே தெரியாது. எத்தனை நாளாக எரியாமல் இருந்ததோ!

மறுநாள் காலை இவரைப் பெடலை மிதிக்கச் சொல்லிவிட்டு நான் பின்னால் போய் நின்றேன். இடது, வலது, கண்ணாடிக்குள் இருக்கும் நடு விளக்கு, மூன்றுமே எரியவில்லை. ஒன்று எரியாவிட்டால் பல்பு போயிருக்கலாம். மூன்று பல்பும் சொல்லிவைத்த மாதிரி ஒரே நேரத்தில் போகுமா? அப்படியானால் கோளாறு மூன்றுக்கும் பொதுவான இடத்தில் இருக்க வேண்டும். முதலில் ஃபியூஸ். சாவியை அணைத்துவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பெட்டியைத் திறந்து பார்த்தோம். எந்த ஃபியூஸ் எதற்கு என்று மூடியிலேயே படம் போட்டிருந்தது. ஃபியூஸுக்குள் இருக்கும் கம்பி அறுபடாமல் இருந்தது. மிச்சம் இருந்தது பிரேக் பெடலுக்கு மேலே உள்ள சின்ன சுவிட்ச். பெடலை மிதித்ததும் விளக்குக்குக் கரண்ட் விடுவது அதுதான். மெக்கானிக்கைக் கூப்பிட்டு மாற்றினோம். நாலு பேர் ஓட்டலில் டிபன் சாப்பிடுகிற காசுகூட ஆகவில்லை. அதற்குத்தான் ஒரு குழந்தையைப் பணயம் வைத்திருந்தோம்.

ஃபியூஸ் போயிருந்தால் அதே அளவில்தான் போட வேண்டும். நிறத்தை வைத்தே சொல்லலாம்: 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள். சிகரெட் டப்பாவின் வெள்ளித் தாளைச் சுருட்டிச் செருகும் மகானுபாவர்கள் உண்டு. உங்கள் வீட்டில் இருந்தால் தடுத்துவிடுங்கள். ஒயர் சூடேறித் தீப்பிடிக்கும். புது ஃபியூஸும் உடனே போனால் எங்கோ ஒயர் உரசுகிறது என்று அர்த்தம். அதற்கு மேல் நாம் கை வைக்கக்கூடாது.

இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக 'டிக் டிக்' என்று அடித்தால், பல கார்களில் அந்தப் பக்கத்துப் பல்பு ஒன்று போய்விட்டதாக அர்த்தம். ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்றும் சேர்ந்து மினுக்கினால் பெரும்பாலும் எர்த் சரியில்லை. மழைத் தண்ணீர் இறங்கி, பல்பு உட்காரும் இடத்தில் பித்தளைப் பாத்திரம் மாதிரி களிம்பு பிடித்திருக்கும். சாவியை அணைத்துவிட்டு உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தாலே பாதி வியாதி போய்விடும். ஹெட்லைட்டின் ஹாலஜன் பல்பை மாற்றும்போது மட்டும் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். கையில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி, அந்த இடம் அதிகமாகச் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். புதுக் கார்களின் எல்.இ.டி. விளக்குகளில் நாம் மாற்ற ஒன்றும் இல்லை. ஒர்க்‌ஷாப்புக்குத்தான் போகணும்.

இனி டேஷ்போர்டு. சாவியைத் திருப்பியதும், எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன், எச்சரிக்கை விளக்குகள் ஒரு தடவை எரியும், பிறகு அணையும். அந்தச் சமயத்தில் ஏதாவது ஒன்று எரியாவிட்டால் நிம்மதி அடையாதீர்கள். ஆபத்து வந்தால் சொல்ல வேண்டியது ஊமையாகிவிட்டது. அதை உடனே பார்க்கணும்.

எண்ணெய்க் கெண்டி மாதிரி இருக்கும் சிவப்பு விளக்கு ஓடும்போது எரிந்தால், ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடச் சொல்லுங்கள். "வீடு பக்கம்தானே, போயிடலாம்" என்பார்கள். விடாதீர்கள். ஆயில் ஓட்டம் இல்லாமல் ஓடினால் எஞ்சினே போய்விடும். தெர்மாமீட்டர் படம் சிவப்பில் எரிந்தாலும் அப்படித்தான். ஆறுவதற்குள் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது. ஆவி அடங்காமல் குக்கரைத் திறப்போமா? வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி தெரிந்தால் ஹேண்ட்பிரேக் இறங்கியிருக்கிறதா பாருங்கள். இறக்கியும் எரிந்தால் பிரேக் ஆயில் குறைந்திருக்கலாம். வண்டியை எடுக்க வேண்டாம். பேட்டரி படம் சார்ஜ் ஏறவில்லை என்கிறது. ஏ.சி.யை அணைத்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகலாம், சூடு ஏறுகிறதா என்று பார்த்துக்கொண்டே. மஞ்சள் விளக்குகள் சற்றுப் பொறுக்கும். ஆனால் எஞ்சின் படம் விட்டுவிட்டு மினுக்கினால் பொறுக்காது.

இப்போது அமாவாசைக்கு அமாவாசை வண்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டும்போதே விளக்குகளையும் பார்த்துவிடுகிறேன். ஆள் இல்லாத நாளில் ராத்திரி காரைச் சுவருக்கு முதுகு காட்டி நிறுத்தச் சொன்னால் போதும், பிரேக் போட்டதும் சுவரில் சிவப்பு விழுவது ஓட்டுகிறவருக்கே கண்ணாடியில் தெரியும். அந்தக் கைக்குழந்தைக்கு இப்போது மூன்று வயசு. ஊரிலிருந்து வந்தால் திண்ணையில் என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "பாட்டி, சிவப்பு வந்துடுச்சு!" என்று கத்துவாள். நாற்பத்தெட்டு வயசில் பாட்டி! பரவாயில்லை. காருக்குப் பின்னால் மட்டும் அவளை நிற்க விடுவதில்லை.